பிரடைக்கு முன்னால் ஒரு கூம்பு

வீணைப் பிரடையை, அதாவது கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற முளையை, தள்ளி நின்று பார்த்தால் இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்றுதான் தோன்றும். ஒரு குச்சி, தலையில் திருகுவதற்கு ஒரு பிடி, நடுவில் கம்பி கோக்க ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்: அந்தக் குச்சி உருளை இல்லை, மெல்லிய கூம்பு. பிடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தடிமன், நுனியில் கொஞ்சம் மெலிசு. அது போய் உட்காரும் துளையும் அதே மாதிரி கூம்பு. ஆணி, ஸ்குரூ, பசை, ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மரத்தோடு மரம் உரசும் பிடிமானம் ஒன்றுதான் அந்தக் கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்கிச் சுருதியில் நிறுத்தி வைக்கிறது.

எங்கள் பெரியம்மாவின் வீணையில் சாரணியின், அதாவது முதன்மையான வாசிப்புக் கம்பியின், பிரடை கம்பி ஓட்டையின் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. சுருதி சேர்த்து ஒரு வர்ணம் வாசித்து முடிப்பதற்குள் கீழே இறங்கிவிடும். குடத்துப் பக்கம் கம்பியைப் பிடித்திருக்கும் லங்கரில் இருக்கும் மணியை நகர்த்தி எவ்வளவுதான் ஈடு கொடுக்க முடியும்? லங்கர் நுணுக்கமான சுருதிக்கு. பிரடையே நழுவினால் அது என்ன செய்யும், பாவம்.

நியாயமாகப் பார்த்தால் வீணையைத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே தலைமுறை தலைமுறையாக இதைச் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் கைக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. பெரியம்மாவும் அதைத்தான் சொன்னார். "ஏன்டா உனக்கு இந்த வேண்டாத வேலை, தை பிறந்ததும் நானே எடுத்துட்டுப் போறேன்." ஆனால் கச்சேரி வீணை வேறு இருக்கிறது, இது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பழைய வீணை, அதனால் எனக்குக் கொஞ்சம் துணிச்சல். நல்ல வீணையாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

வேறு வழிகளையும் யோசிக்காமல் இல்லை. இப்போது வருகிற வீணைகள் பலவற்றில் பிரடைக்குப் பதில் கிட்டார் கீ வைத்துவிடுகிறார்கள், பல்சக்கரம் இருப்பதால் நழுவவே நழுவாது, சுருதி சேர்க்கவும் சுலபம். பேச்சை எடுத்ததற்கே பெரியம்மா முறைத்தார். கடைசல் பட்டறையில் கேட்டுப் பார்த்தேன், கட்டில் கால், ஊஞ்சல் கால் எல்லாம் கடைகிற இடம். "ஒரே ஒரு பீஸுக்கு மிஷின் ஓட்டினா கட்டாது சார், அம்பது பீஸா கொண்டாங்க" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படியே கடைந்து கொடுத்திருந்தாலும் அந்தக் கூம்பு என் வீணையின் துளைக்குப் பொருந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருக்கும் 'பட்டறை' என்பது சென்னை அடுக்ககத்தின் பால்கனி. 10 மி.மீ. டிரில்லிங் மிஷின், ஒரு சின்ன வைஸ், இரண்டு ஜி கிளாம்ப், ஒரு இழைப்புளி, அரை அங்குல உளி, ஒரு ரம்பம், ஒரு அரைவட்ட அரம், வெர்னியர், உப்புத்தாள். கடைசல் மிஷின் கிடையாது, கிரைண்டர் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை கீழ் வீட்டுத் தாத்தா தூங்குவார், ஆகவே அந்த நேரத்தில் டிரில்லும் கிடையாது. கை வேலை மட்டும்.

முதலில் சரிவு. வயலின் வேலை செய்கிறவர்கள் 30க்கு 1 என்று வைத்திருக்கிறார்கள், அதாவது 30 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். வீணைக்கு அப்படி ஒரு கணக்கை நம்பி இறங்க முடியாது, பெரும்பாலும் செய்தவர் கையில் எந்தக் கருவி இருந்ததோ அதன் சரிவுதான் அந்த வீணையின் சரிவு. அளந்து பார்த்தேன். எங்கள் வீணையில் பிரடை பெட்டியின் ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவரிலும் போய் உட்காருகிறது. நுழைகிற பக்கம் வெளி ஓரத்தில் 14.4 மி.மீ., எதிர்ப்பக்கம் வெளி ஓரத்தில் 12 மி.மீ., இரண்டுக்கும் நடுவே 60 மி.மீ. 60க்கு 2.4, ஆக 25க்கு 1. வட்டமான சின்னத் துளைக்குள் வெர்னியரின் மூக்கு சரியாக உட்காராது, கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் டிரில் பிட்டுகளின் பின்பக்கத்தை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தும் சரிபார்த்துக்கொண்டேன்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், சரிவு அதிகமானால் பிரடை தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வரும், கம்பி இழுக்க இழுக்கப் பின்வாங்கும். சரிவு ரொம்பக் குறைந்தால் ஆப்பு மாதிரி போய் இறுகிக்கொள்ளும், திருப்பினால் திடுக்கென்று ஒரு சுரம் தாண்டி நிற்கும். அது போக, துளை தேயும்போது பிரடை எவ்வளவு உள்ளே போகும் என்பதும் இதை வைத்துத்தான். 25க்கு 1 என்றால், துளையின் விட்டம் வெறும் 0.1 மி.மீ. தேய்ந்தாலும் பிரடை 2.5 மி.மீ. உள்ளே இறங்கிவிடும். பழைய வீணைகளில் பிடி போய்ச் சுவரை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கணக்குதான்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருவோம். பிரடையின் கூம்பும் துளையின் கூம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். விட்டம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றுமில்லை, பிரடை கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போய் உட்கார்ந்துகொள்ளும். சரிவு மாறினால்தான் போச்சு. ஒரு சுவரில் மட்டும் இறுகும், எதிர்ச்சுவரில் ஆடும், எவ்வளவு சாக்பீஸ் தடவினாலும் நிற்காது. அதிலும் இங்கே பழைய துளை ஏற்கெனவே நீள்வட்டமாகிவிட்டிருந்தது, ஒரு பக்கம் 14.4, அதற்குக் குறுக்கே அளந்தால் 14.7. மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும், ஆகவே சுவரில் போட்ட வட்டத் துளை சில வருடங்களில் வட்டமாக இருப்பதில்லை. போதாததற்குக் கம்பி எப்போதும் ஒரே பக்கம் இழுத்து அந்தப் பக்கத்தைத் தேய்க்கிறது. எனவே துளையையும் கொஞ்சம் சீவி மறுபடி வட்டமாக்க வேண்டும், பிரடையையும் அதற்கேற்பச் செய்ய வேண்டும். வயலின்காரர்களுக்கு இரண்டு கருவிகள் கடையிலேயே கிடைக்கும், துளையைச் சீவ ஒரு ரீமர், பிரடையைச் சீவ ஒரு ஷேப்பர், இரண்டும் ஒரே சரிவு. 25க்கு 1 சரிவில் இந்த அளவுக்கு எனக்கு யார் தருவார்கள்?

ஆக, இரண்டையும் நானே செய்ய வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான். முதலில் மரத்தில் ஒரே ஒரு நல்ல கூம்பு. அந்தக் கூம்பில் ஒரு பிளேடைப் பொருத்தினால் அதுதான் ரீமர். அந்த ரீமரால் ஒரு கட்டையில் துளை போட்டு அதில் ஒரு பிளேடு வைத்தால் அதுதான் ஷேப்பர். அதே ரீமர் வீணையின் துளையையும் சீவும். எல்லாமே அந்த முதல் கூம்பின் வாரிசுகள் என்பதால் சரிவு 25க்கு 1 என்று துல்லியமாக வராமல் 24.6க்கு 1 என்று வந்தாலும் கவலை இல்லை, துளையிலும் பிரடையிலும் அதேதான் வரும். துல்லியமான கருவி இல்லாதவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

கூம்பை டிரில் மிஷினில் மாட்டிக் கடையலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மிஷினைக் கிளாம்ப் பண்ணி, மறுமுனைக்கு ஒரு ஆணியை முட்டுக் கொடுத்து, அரத்தை வைத்துத் தேய்ப்பது. வட்டம் வரும், ஆனால் சரிவு நேர்கோடாக வராது, நடுவில் இடுப்பு விழும் அல்லது தொப்பை போடும். அதைவிடக் கையால் பட்டை அடித்துப் போவது மெதுவாக இருந்தாலும் நம்பகமானது. சதுரம், எட்டுப்பட்டை, பதினாறு பட்டை, அப்புறம் வட்டம். கோயில் தூண்களில் கீழே சதுரம், மேலே எட்டுப்பட்டை, அதற்கு மேல் பதினாறு என்று பார்த்திருப்பீர்களே, அதே வரிசைதான்.

ரேகை நேராக ஓடும் தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து, 120 மி.மீ. நீளத்துக்கு ஒரு முனை 15.8 மி.மீ. சதுரம், மறுமுனை 11 மி.மீ. சதுரம் என்று வரும்படி இழைத்தேன். தடித்த முனைக்கு அப்பால் ஒரு ஜாண் நீளம் சதுரமாகவே விட்டேன், பிற்பாடு கைப்பிடி மாட்ட. ஒவ்வொரு முகமும் 2.4 மி.மீ. சரிய வேண்டும். கோடு போட்டுக்கொண்டு, கோட்டின் மேல் பென்சில் பாதி மறையும் வரை இழைப்பது, அவ்வளவுதான் இரகசியம். இழைப்புளி கூர்மையாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டுப்பட்டைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, 7-10-7. சதுரத்தின் அகலத்தை 24 பாகமாக்கி, இரண்டு ஓரத்திலிருந்தும் 7 பாகம் தள்ளிக் கோடு போட்டால் நடுவில் 10 பாகம் நிற்கும். மூலைகளை அந்தக் கோடு வரை இழைத்தால் எட்டுப் பக்கமும் சமமாக வந்துவிடும். இங்கே தடித்த முனையில் 4.6 மி.மீ., மெலிந்த முனையில் 3.2 மி.மீ., இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் போதும். இதன் அழகு என்னவென்றால் சரிவான துண்டுக்கும் கணக்கு மாறாது, ஒவ்வொரு முனையிலும் அந்தந்த அகலத்துக்கு ஏற்றபடி குறித்தால் சரி. மூலையை இழைக்கும்போது துண்டு உருளாமல் இருக்க இரண்டு சட்டங்களின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி, ஒட்டி, ஒரு 'வி' பள்ளமாக்கிக்கொண்டேன். இந்தப் பள்ளம் கடைசி வரை கூடவே வரும், செய்து வைத்துக்கொள்வது நல்லது.

பதினாறு பட்டைக்குக் கணக்கெல்லாம் தேவையில்லை, கண் போதும். எட்டு மூலைகளிலும் ஒரே அளவு சீவல், மெலிந்த முனையில் பட்டை மெலிந்து, தடித்த முனையில் அகன்று, கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற வரை. அதற்குப் பிறகு 80 நம்பர் உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து வட்டமாக்க வேண்டும். இங்கே மட்டும் கை அவசரப்படக் கூடாது.

சரிபார்க்க ஒரு மெல்லிய பிளைவுட் துண்டில் 12 மி.மீ., 14 மி.மீ. என்று இரண்டு துளைகள் போட்டு, இரண்டையும் தனித்தனித் துண்டாக அறுத்துக் கூம்பில் மாட்டினேன். 25க்கு 1 சரிவில் இவை இரண்டும் 50 மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சரிவு அதிகம், கூடினால் குறைவு. இதில் ஒரு சௌகரியம் பாருங்கள். விட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை இங்கே நீளத்தில் 25 மடங்காகத் தெரியும், சாதாரண ஸ்கேலே போதும். ஒரு துண்டைச் சுற்றித் திருப்பினால் எங்கே உரசுகிறது, எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்து வட்டத்தையும் சரிசெய்யலாம்.

அடுத்து பிளேடு. இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு நல்ல எஃகு, ஆனால் பல் வேண்டாம், அகலமும் அதிகம், கூம்பின் நடுக்கோடு வரைதான் வெட்டு போகலாம் என்பதால் 6 மி.மீ. அகலம்தான் வேண்டும். கையால் கல்லில் தேய்த்தால் விடிந்துவிடும். வீட்டில் கிரைண்டர் இல்லாதவனுக்குத் தெருவில் ஒருவர் வருவார், சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு, கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் சாணை பிடிக்கிறவர். மாடியிலிருந்து கூப்பிட்டு நிறுத்தி ஓடினேன். ஆக்ஸா பிளேடை நீட்டியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுல பல்லை எடுத்துட்டா அப்புறம் எதுக்கு சார் ஆகும்?" விஷயத்தைச் சொன்னேன். பெடலை மிதித்துக்கொண்டே, நான் கேட்காமலே, சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகு செத்துவிடும் என்று சொல்லி நாலு தேய்ப்புக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்த்தார். பல் போய், அகலம் போய், ஓரம் நேராக, சதுரமாக வந்தது. காசு கொடுக்கும்போது வீணை நரம்பெல்லாம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார், பேத்தி கற்றுக்கொள்கிறாளாம்.

கூம்பை 'வி' பள்ளத்தில் கிடத்தி, மேல் பக்கம் நீளவாக்கில் நடுக்கோடு வரை ரம்பத்தால் ஒரு வெட்டு. அதில் பிளேடு நிற்க வேண்டும், அதன் ஓரம் மரத்தைவிட ஒரு காகிதக் கனம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். ரம்பத்தின் வெட்டு பிளேடைவிட அகலமாகத்தான் இருக்கும், அதனால் பக்கவாட்டில் காகிதப் பட்டை சொருகினேன், அடியிலும் காகிதம் வைத்து உயரத்தை ஏற்றினேன். உயரம் கூடினால் ரீமர் கடித்து நிற்கும், குறைந்தால் சும்மா வழுக்கும். இது வெட்டுகிற கருவி இல்லை, சுரண்டுகிற கருவி. சதுரமான ஓரம்தான் சுரண்டும், கத்தி போலக் கூராக்கக் கூடாது. சதுர வாலில் குறுக்கே ஒரு துளை போட்டு ஒரு இரும்புக் கம்பியைச் செருகினேன், கைப்பிடி ஆயிற்று.

ஷேப்பருக்குக் கட்டை, புளி. கறிக்கடைக் கட்டை செய்கிறவர்கள் காரணமில்லாமல் புளியைத் தேடிப் போவதில்லை, கெட்டி, சுலபத்தில் பிளக்காது. 80 மி.மீ. நீளம், 40 மி.மீ. சதுரம். டிரில்லில் முதலில் 11 மி.மீ. பிட் முழுக்க, அப்புறம் 12, 13, 14 என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்த ஆழத்துக்கு. தட்டை பிட்டின் காம்பு மெலிசாக இருப்பதால் 10 மி.மீ. மிஷினிலும் மாட்டும். உள்ளே படிக்கட்டாக வந்ததை ரீமர் விட்டுச் சுரண்டிச் சரிவாக்கினேன். ஒரு பக்கம் 15 மி.மீ., மறுபக்கம் 11.8 வரை. புளியங்கட்டை சீக்கிரம் வசப்படாது, தோள்பட்டை இறங்கிவிட்டது, ஆனால் உள்சுவர் கண்ணாடி போல வந்தது.

இனி அந்தத் துளையின் பக்கத்தில் பிளேடு வைக்க வேண்டும். பென்சில் சீவியை நினைத்துக்கொள்ளுங்கள், அமைப்பு அச்சு அசல் அதுதான். கட்டையின் ஒரு முகத்தை, துளையின் சுவர் மெலிந்து மெலிந்து கடைசியில் ஒரு கோடாகத் திறக்கும் வரை இழைக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, இழைக்கிற முகம் துளையின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கக் கூடாது, துளையின் சுவருக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தடித்த பக்கம் முதலில் திறந்துகொண்டு, மெலிந்த பக்கம் மூடியே கிடக்கும். கோடு நீளம் முழுக்க ஒரே நேரத்தில் திறக்கிறது என்றால் முகம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். கோட்டின் ஒரு பக்கம் பிளேடு படுக்க இடம், மறுபக்கம் சாய்வாகச் செதுக்கிச் சீவல் வெளியே வர வழி.

பிளேடுக்கு என் இழைப்புளியின் தகட்டையே கழற்றி வைக்கலாம் என்றுதான் முதலில் யோசனை. அதன் அகலம் 50 மி.மீ., கட்டை 80. இது உதவாது. பிளேடு எட்டாத இடத்தில் பிரடை சீவப்படாது, அந்த இடத்தில் துளை மட்டும் குறுகிக்கொண்டே போனால் முட்டிக்கொண்டு நிற்கும். துளை எவ்வளவு நீளமோ பிளேடும் அவ்வளவு நீளம் இருந்தே ஆக வேண்டும். நல்லவேளையாக எலக்ட்ரிக் பிளேனருக்குப் போடும் பிளேடுகள் 82 மி.மீ. அகலத்தில்தான் வருகின்றன, பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் ஜோடியாக விற்கிறார்கள். அகலம் குறைந்த கார்பைடு வகை வேண்டாம், பிடித்துக் கட்ட இடம் இருக்காது. அகலமான எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) வகையைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஒரு மரச்சட்டம், இரண்டு ஸ்குரூ, நடுவில் பிளேடு. பிளேடின் முனை துளையின் சுவரை விட்டு ஒரு மயிரிழை உள்ளே எட்டிப் பார்த்தால் போதும்.

பிரடைக்கு மரம் ஈட்டி. புது ஈட்டிக்கு அலைய வேண்டாம், தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை வெட்டப் பல வருடங்களாகவே கட்டுப்பாடு இருந்தது, 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதுமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் பழைய வீடுகளில் உடைந்த ஈட்டிக் கட்டில், நாற்காலி என்று பரணில் ஏதாவது கிடக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு நாற்காலிக் கை. அறுக்கும்போது வரும் வாசனைக்காகவே இன்னொரு தடவை அறுக்கலாம். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த மரம் என்பதால் இனிமேல் முறுக்கிக்கொள்ளும் பயமும் குறைவு. பார்க்க வேண்டியது ரேகை மட்டும். துண்டின் நீளத்தோடு நேராக ஓடுகிற ரேகையாக இருக்க வேண்டும், ஓரத்தில் வெளியே ஓடிப்போகிற ரேகை என்றால் ஷேப்பரில் சிம்பு பிய்ந்துகொண்டு வரும், கம்பி ஓட்டையில் மறுபடி விரிசல் விடும்.

24 மி.மீ. சதுரத் துண்டு. தலைப்பக்கத்தை அப்படியே விட்டு, தண்டுப் பக்கத்தை முதலில் 17 மி.மீ. சதுரமாகக் குறைத்து, எட்டுப்பட்டையாக்கி, நுனியைக் கொஞ்சம் கூராக்கி ஷேப்பருக்குள் விட்டுத் திருப்பினேன். முதலில் கரகரவென்று மூலைகள் தட்டும், நுனி மட்டும் சீவும். அப்புறம் சத்தம் மாறும். பட்டைகள் மறைந்து வட்டமாக ஆக, தட்டுகிற சத்தம் போய் 'ஸ்ஸ்' என்று ஒரே இழையாக, ஊதா கலந்த பழுப்பில் சுருள் சுருளாக வந்தது. சுருள் அறுபடாமல் வந்தால் கூம்பு முழு நீளத்துக்கும் சீவப்படுகிறது. பொடியாக வந்தால் பிளேடைச் சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி மாட்ட வேண்டும்.

பிடி செய்வது பெரிய வேலை இல்லை, அரமும் உப்புத்தாளும் பொறுமையும். பழைய பிரடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் சாயலில் தேய்த்தேன். கண்ணுக்கு ஒன்றாக இருந்தால் போதும். விரலுக்கு நல்ல பிடி இருக்க வேண்டும், அது முக்கியம்.

வீணையில் ரீமர் வைப்பதுதான் வயிற்றைப் பிசைகிற கட்டம். கம்பிகள் எல்லாவற்றையும் தளர்த்தி, வீணையைப் போர்வை மேல் கிடத்தி, துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, ரீமரை நுழைத்தேன். இரண்டு சுவரிலும் ஒரே சமயத்தில் உட்காருவதால் அதுவே நேராக நிற்கும், நாம் சாய்க்காமல் இருந்தால் போதும். வலது பக்கமாக மட்டும் திருப்பு, இரண்டு சுற்று, வெளியே எடு, பொடியைத் தட்டு, பார். வெளியே கறுத்துப் போன வீணை, உள்ளிருந்து வந்த பொடி மஞ்சள் நிறம். பலா மரத்தின் உள்வைரம் அப்படித்தான், அதைக் கொதிக்க வைத்துப் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றுவதும் உண்டு. அத்தனை வருட எண்ணெய்க்கும் தூசிக்கும் அடியில் அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. சுவர் முழுக்க மஞ்சள் தெரிகிற வரை சுரண்டினால் நீள்வட்டம் போய்விட்டது என்று பொருள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். விட்டம் 14.8க்கு வந்தது.

பொருத்தம் பார்க்க பிரடைத் தண்டு முழுக்கப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டி, துளையில் விட்டு, அழுத்தி ஒரு சுற்று. வெளியே எடுத்தால் எங்கே உரசியதோ அங்கே பளபளக்கும். இரண்டு சுவர் உட்காரும் இடத்திலும் இரண்டு முழு வளையங்கள் தெரிந்தன, நடுவே தொடாத கறுப்பு. இதற்குத்தான் அந்தக் கூம்புக்காக அத்தனை பாடு.

கம்பி ஓட்டைக்கு இடம் குறிக்க, பிரடையைக் கடைசி இடத்தில் இறுக்கி வைத்து, சாரணிக் கம்பி மெட்டுகளின் (விரல் வைத்து வாசிக்கும் பட்டைகள்) மேலாக நேராக வந்து எங்கே சேர்கிறதோ அங்கே ஒரு புள்ளி. வட்டமான தண்டில் டிரில் வழுக்கும், அதனால் அதே 'வி' பள்ளத்தில் கிடத்தி, ஆணியால் ஒரு குத்து குத்திவிட்டு 1.5 மி.மீ. பிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகத் துளைத்தேன், ஒரே பக்கத்திலிருந்து போனால் மறுபக்கம் சிம்பு தெறிக்கும். ஓட்டையின் வாயை நுனி உப்புத்தாளால் மழுக்கிவிட வேண்டும், கூரான ஓரத்தில் கம்பி மடிந்தால் அங்கேதான் அறும்.

கடைசியில் பூச்சு. வார்னிஷ் தண்டில் படக் கூடாது, பிடியில் மட்டும். உரசும் இடங்களில் காய்ந்த சோப்பைக் கொஞ்சம் தேய்த்து, அதன் மேல் சாக்பீஸ். சோப்பு வழுக்கும், சாக்பீஸ் பிடிக்கும், இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சபா ஹாலில் ஏசி ஓடும்போது எல்லாப் பிரடையும் தளர்ந்துகொள்ளும் என்பது வீணை வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை, ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும், அதற்கு எந்தக் கூம்பாலும் மருந்தில்லை. வெளியூர்க் கச்சேரிக்குப் போனால் பையில் ஒரு சாக்பீஸ் இருக்கட்டும்.

பெரியம்மா சாரணியை ஏற்றி, பிரடையைத் திருப்பி, கொஞ்சம் விட்டு, மறுபடி திருப்பி, வேண்டுமென்றே கம்பியை நன்றாக இழுத்து வாசித்துப் பார்த்தார். நின்றது. "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. உடனே அடுத்த வேலையும் வந்துவிட்டது: தாளத்துக்கு மீட்டுகிற பக்கத் தந்திகளில் ஒன்றும் ரொம்ப நாளாக நழுவுகிறதாம். அந்தப் பிரடைகள் இவற்றைவிட மெலிசு, இந்த ஷேப்பருக்குள் போட்டால் சும்மா ஆடும். அளந்து பார்த்தேன், சரிவும் வேறு, 20க்கு 1 பக்கம் வருகிறது. தேக்குத் துண்டு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. சாணை பிடிப்பவர் மறுபடி எங்கள் தெருவுக்கு வர வேண்டும்.